கன்னப் புற்று: அடுத்த வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) ஆரம்பம், வீட்டில் என்னென்ன தயார் செய்யணும்?

அரசலாறு
அப்பாவுக்கு வயது 58, எடை 52 கிலோ, சர்க்கரை இல்லை. இடது கன்னத்தின் உட்புறம் ஆபரேஷன் முடிந்து, கழுத்து நெறிகளும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தாச்சு. திங்கள்கிழமை தஞ்சாவூரில் கரண்ட் ஆரம்பம். 30 சிட்டிங், கூடவே வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் (கீமோ மருந்து). வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது. மூன்றாவது வாரத்தில் மூக்கு வழியாகச் சாப்பாடு கொடுக்கும் டியூப் தேவைப்படலாம் என்றார்கள். அப்பா பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். வீடு வலங்கைமான் பக்கம், தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்று எண்ணம். சாப்பாடு, வாய், தோல் இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கணும்? இன்னொன்று, பொயிலையை விட்டுவிட்டார். வெறும் வெத்தலை சீவல் போட்டுக்கலாமா என்று கேட்கிறார்.

மெஷின்_ரூம்
முதலில் நாள் கணக்கு. வாரம் 5 நாள், ஆக 6 வாரம். இடையில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியில் பெருகும். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே குறையும் என்பது பொதுவான கணக்கு. அதனால் ‘குறுவை அறுப்பு முடியட்டும்’, ‘ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போய்ட்டு வரேன்’ எல்லாம் இங்கே செல்லாது. மெஷின் ரிப்பேரில் ஒரு நாள் போனால் எப்படி ஈடு செய்வீர்கள் என்று நீங்களே கேளுங்கள். சனிக்கிழமை வைப்பதும் உண்டு, குறைந்தது 6 மணி நேரம் விட்டு ஒரே நாளில் இரண்டு வைப்பதும் உண்டு.

பஸ் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குச் சரி. அதன் பிறகு புண்ணோடும் களைப்போடும் தினம் போய்வர முடியாமல்தான் பலர் நடுவில் நிறுத்துகிறார்கள். வார்டில் இடம் கிடைக்குமா, இல்லை தஞ்சாவூரிலேயே ரூம் எடுப்பதா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

கரண்ட் வைக்கும்போது முகம் அசையாமல் இருக்கப் போடும் மாஸ்க்குக்கு அளவெடுத்தபோது முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும். தாடி வளர்க்கக் கூடாது, எடை இறங்கக் கூடாது. மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரல் நுழைந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், மறுபடி ஸ்கேன் எடுத்து பிளான் மாற்ற வேண்டி வரலாம். கழுத்துத் தோல் கறுத்துப் பிறகு உரியும். அங்கே மஞ்சள், சந்தனம், பவுடர், பிளேடு சவரம் எதுவும் வேண்டாம்; தாடியை எலெக்ட்ரிக் ஷேவரால் எடுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, பருத்தித் துண்டால் ஒற்றினால் போதும். காலர் வைத்த சட்டையை மூட்டை கட்டி வையுங்கள்.

குடந்தை_பல்
சீவல் கூடாது. பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. பொயிலை இல்லாவிட்டாலும் அப்படித்தான். கும்பகோணம் கொழுந்து வெத்தலைமேல் பழி இல்லை, ஆனால் கையில் வெத்தலை வந்தால் சீவலும் சுண்ணாம்பும் பின்னாலேயே வந்துவிடும். கரண்ட் புண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டு விரல் திறப்பு எனக்குக் கவலை தருகிறது. மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே 35 மி.மீ.-க்குக் குறைந்தால் அது தாடை இறுக்கம். பல வருடம் பாக்கு மென்றவருக்குக் கன்னத் தசை நார்போல ஏற்கெனவே இறுகியிருக்கும், அதன்மேல் ஆபரேஷன் தழும்பு, இப்போது கரண்ட். மூன்றும் சேர்ந்தால் கரண்டி நுழையாத நிலை வரும். தட்டையான ஐஸ் குச்சிகளை அடுக்கிக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் வைத்து, இழுவை தெரிகிற அளவில் 30 விநாடி. ஒரு வேளைக்கு 5 தடவை, நாளுக்கு 5 வேளை. முந்தின வாரம் எத்தனை குச்சி என்று காலண்டரில் எழுதுங்கள். தையல் ஆறிவிட்டதா என்று சர்ஜனிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கரண்ட் முடிந்த பிறகும் பல மாதம் விடக் கூடாது, இறுக்கம் பெரும்பாலும் அப்போதுதான் கூடுகிறது.

ஆடுகிற, சொத்தையான பல் இருந்தால் இன்றே காட்டுங்கள். பிடுங்கினால் புண் ஆற குறைந்தது 10 முதல் 14 நாள் வேண்டும், அதனால் அந்த முடிவு கரண்ட் டாக்டரோடு பேசித்தான். பிற்காலத்தில் எந்த ஊரில் பல் பிடுங்கப் போனாலும் ‘தாடையில் கரண்ட் வைத்தது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லணும். சொல்லாமல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம். பத்து வருடம் ஆனாலும் இந்த ஆபத்து போகாது.

வாய் கொப்பளிக்க: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி ஆப்ப சோடா. விழித்திருக்கும்போது 2 மணிக்கொரு தரம், தினம் புதிதாகக் கலக்கணும். கடையில் விற்கும் ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் எரிக்கும்.

பத்தியக்கஞ்சி
52 கிலோவுக்கு நாளுக்கு 1,600 கலோரி, 60 கிராம் புரதம் தேவை. ரசம் சாதமும் இளநீரும் வைத்துக்கொண்டு அதைத் தொட முடியாது. ஒரு வேளைக் கஞ்சி இப்படி: பால் 150 மி.லி., வறுத்து அரைத்த சத்துமாவு 20 கிராம், பால் பவுடர் 10 கிராம், சர்க்கரை 2 தேக்கரண்டி, எண்ணெய் 1 தேக்கரண்டி, மிச்சம் தண்ணீர், மொத்தம் 250 மி.லி. இதில் ஏறக்குறைய 280 கலோரி, 10 கிராம் புரதம். காலை 6 மணி தொடங்கி மூன்று மணிக்கொரு தரம் 6 வேளை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும்.

மாவைக் கூட்டினால் கஞ்சி கெட்டியாகும், தண்ணீர் விட்டால் சத்து போகும். அதற்கு ஒரு வழி: கஞ்சியை இறக்கி, கொதி அடங்கிய வெதுவெதுப்பில், முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு அரைத் தேக்கரண்டி கலந்து 10 நிமிடம் வையுங்கள். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு வடிகட்டணும். கொதிக்கிற கஞ்சியில் போட்டால் நொதி செத்துவிடும், ஒன்றும் நடக்காது.

புளி, மிளகாய், ஊறுகாய் நிறுத்தம். பச்சை முட்டை வேண்டாம். கீமோ ஓடும் வாரங்களில் இரவெல்லாம் வெளியில் இருந்த பழைய சோறும் வேண்டாம், வெள்ளையணு குறைந்திருக்கும். திங்கள்தோறும் ஒரே தராசில் எடை பாருங்கள். 2 கிலோ இறங்கினால் டியூபைத் தள்ளிப்போடாதீர்கள்.

அரசலாறு
ரொம்ப நன்றி. டியூப் போட்டால் அடைத்துக்கொள்ளும், விழுங்கவே மறந்துபோகும் என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் பயம்.

கீமோ_வார்டு
இரண்டும் நடக்கும், இரண்டையும் தடுக்கலாம். அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டாத கஞ்சியும் பொடித்த மாத்திரையும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 50 மி.லி. சிரிஞ்சில் 30 முதல் 50 மி.லி. தண்ணீர் விடுங்கள். மாத்திரையைத் தனியாகத் தண்ணீரில் கரைத்துத்தான் கொடுக்கணும், பாலில் கலக்காதீர்கள். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல உள்ளே, வெளியே இழுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். சாய்ந்து உட்கார்ந்த நிலையில் கொடுத்து, முடிந்தும் அரை மணி அப்படியே இருக்கணும். மூக்கருகே டியூபில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு வெளியே வந்திருந்தாலோ, ஊற்றும்போது இருமினாலோ நிறுத்துங்கள். நீங்களே உள்ளே தள்ளக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

விழுங்கும் தசைக்கு, டியூப் இருந்தாலும் டாக்டர் அனுமதித்தால் நாளுக்குப் பலமுறை ஒரு மடக்குத் தண்ணீராவது வாயால் குடிக்கச் சொல்லுங்கள். மரத்துப்போக வைக்கும் ஜெல் கொடுத்திருந்தால் புண்ணில் மட்டும் தடவுங்கள். தொண்டை மரத்திருக்கும்போது எதையும் விழுங்கக் கூடாது, புரையேறும்.

சிஸ்பிளாட்டின் கிட்னியைப் பிடிக்கும். வாயாலும் டியூபாலும் சேர்த்து நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் போகணும். மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அதுவும் கிட்னியைத்தான் தாக்கும். காதில் இரைச்சல் வந்தாலோ மூத்திரம் குறைந்தாலோ அடுத்த டோஸுக்கு முன் சொல்லணும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

வாய்ப்புண் கடைசி சிட்டிங்கோடு நிற்காது, அதன் பின்னும் 2 முதல் 4 வாரம் அப்படியே இருக்கும். டியூபை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள்.

மெஷின்_ரூம்
விட்டுப்போனது: கழுத்து நெறி எடுத்த பக்கம் தோள் இறங்கும். சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் காட்டச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், துணை சுகாதார நிலையத்தில் பதிந்து வையுங்கள். கழுத்தில் கரண்ட் பட்டதால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் எடுக்கணும்.