நயாகராவில் அருவியை விட்டுவிட்டு ஒயின் தோட்டம் பார்க்க ஒரு நாள்: எங்கே போகலாம்?

மிசிசாகா பாலா:

வணக்கம் மக்களே. கனடா வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நேராக நயாகரா அருவிதான், படகில் ஏறி நனைந்து, அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் மழைக்கோட்டோடு போட்டோ எடுத்துத் திரும்பிவிடுவோம். கோட்டே வீட்டில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. இப்போது அக்டோபரில் மச்சினனும் அவன் மனைவியும் சென்னையிலிருந்து வருகிறார்கள், அருவியைப் போன தடவையே பார்த்தாயிற்று. "மாமா, அங்கே ஒயின் தோட்டம் நிறைய இருக்காமே" என்று போனில் கேட்டான். எனக்கு பீர் தவிர எதுவும் தெரியாது.

ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்? முன்பதிவு வேண்டுமா? ஐஸ் ஒயின் என்பது உண்மையிலேயே பெரிய விஷயமா, இல்லை சர்க்கரைத் தண்ணீரா? என் மனைவி குடிக்க மாட்டாள், ஜி2 (முழு உரிமத்துக்கு முந்தைய கட்டம்) உரிமம் வைத்திருக்கிறாள், திரும்பி வரும்போது அவள் ஓட்டலாமா? கூட எட்டு வயதுப் பையனும் வருவான். அப்புறம், ருசி பார்க்கும்போது ஒயினை வாயில் வைத்துவிட்டுத் துப்புகிறார்களே, அதை நாமும் செய்தால் தப்பாக நினைப்பார்களா?

மார்க்கம் அக்கா:

தம்பி, முதலில் ஓட்டுகிற விஷயம். ஜி2 என்றால் ரத்தத்தில் மது சுழியம்தான் இருக்க வேண்டும், ஒரு வாய் கூடக் கூடாது. உங்கள் வீட்டுக்காரி தொடவே மாட்டார் என்றால் தாராளமாக ஓட்டலாம், நீங்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு பின்னால் உட்காருங்கள். முழு உரிமம் இருக்கிறவர்களுக்கும் ரத்தத்தில் மது 0.05 சதவீதம் தாண்டினாலே அந்த இடத்திலேயே சில நாளுக்கு உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், 0.08 என்றால் அது குற்ற வழக்கு. டேஸ்டிங்கில் ஊற்றுவது கொஞ்சம்தானே என்று தோன்றும். நாலு இடத்தில் நாலு நாலு கிளாஸ் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எத்தனை இடம் என்றால் மூன்று. நான்கு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நான் முதல் தடவை போனபோது பெருமைக்கு ஏழு இடம் எழுதிக்கொண்டு போனேன், ஐந்தாவது இடத்தில் நாக்கு மரத்துப் போய் சிவப்பா வெள்ளையா என்றே தெரியவில்லை. அன்றைக்கு எதையோ ஆறு பாட்டில் வாங்கி வந்து வீட்டில் திறந்தால் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒயின். துப்புவதற்குக் கிண்ணம் மேஜையிலேயே இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சொல்லப்போனால் துப்புகிறவரைப் பார்த்தால்தான் ஊற்றுகிறவர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்.

முன்பதிவு கட்டாயம் செய்யுங்கள். அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க ஊரே கிளம்பும், அதிலும் இரண்டாவது திங்கள் நன்றி தெரிவிக்கும் நாள், அந்த வார இறுதி வேண்டவே வேண்டாம். புதன், வியாழன் என்று போனால் ஆள் இருக்காது, தோட்டத்துக்காரரே நின்று பேசுவார். பையன் வருவதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், சில இடங்களில் பிள்ளைகளை அனுமதிக்க மாட்டார்கள். அவன் சலித்துப் போகாமல் இருக்க வழியில் செயின்ட் கேத்தரின்ஸில் வெல்லண்ட் கால்வாயின் மூன்றாவது பூட்டு அணை இருக்கிறது, மேடையில் நின்றால் பெரிய கப்பல் கண்ணெதிரே மெல்ல ஏறும், இறங்கும். எட்டு அணைகள் சேர்ந்து ஒரு கப்பலைக் கிட்டத்தட்ட நூறு மீட்டர் ஏற்றுகின்றன. என் பையன் ஒயின் தோட்டத்தை மறந்துவிட்டான், அந்தக் கப்பலை இன்னும் சொல்கிறான்.

கொடிமுந்திரி:

தம்பி பாலா, நான் ஸ்காபரோ. இரண்டு குளிர்காலம் நயாகராவில் திராட்சை வெட்டப் போயிருக்கிறேன், அதனால் ஐஸ் வைனைப் பற்றி நான் கதைக்கிறேன். சர்க்கரைத் தண்ணீர் இல்லை. பழத்தை மரக்கொடியிலேயே விட்டு வைப்பார்கள், டிசம்பர் ஜனவரி வரை, குளிர் மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே போக வேண்டும், அது சட்டம், ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்தால் அந்தப் பெயரே போட முடியாது. அனேகமாக மைனஸ் 10, 12 வரட்டும் என்று காத்திருந்து இரவில்தான் வெட்டுவோம். இரண்டு கையுறை போட்டாலும் விரல் தெரியாது. பழம் கோலிக்குண்டு மாதிரிக் கிடக்கும். அதை உறைந்தபடியே பிழிந்தால் தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளே நின்றுவிடும், சீனியும் புளிப்பும் மட்டும் தேன் மாதிரிச் சொட்டுச் சொட்டாக வரும். சாதாரணமாகப் பிழிந்தால் வருகிற சாற்றில் ஆறில் ஒரு பங்கு கூட வராது, அதுதான் விலை. அவ்வளவு சீனிக்குள் ஈஸ்ட் திணறும், நொதித்தலே கனக்க நாள் இழுக்கும்.

பறவைகள் வேறு. இன்னிஸ்கில்லின் என்ற வைன் ஆலையைத் தொடங்கிய கார்ல் கைசரும் டொனால்ட் சிரால்டோவும் 1983இல் பழத்தை விட்டு வைத்தபோது குருவிகள் முழுக்கத் தின்றுவிட்டன, அடுத்த வருஷம் வலை போட்டுத்தான் எடுத்தார்கள். அவர்களுடைய 1989 விளைச்சலில் வந்த வைன் 1991இல் பிரான்சில் வின்எக்ஸ்போ கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியது, அதற்குப் பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அது விடால் என்ற பழம். தோல் தடிப்பு, கொடியை விட்டு லேசில் விழாது, அதனால் இந்த வேலைக்கு நல்லது.

அக்டோபரில் போனால் ஐஸ் வைன் வெட்டுவதைப் பார்க்க ஏலாது, ஆனால் வலை மூடின வரிசைகளைக் காணலாம். ஒரு விஷயம் வடிவாகப் பாருங்கள்: வடக்கே ஒன்ராறியோ ஏரி, தெற்கே செங்குத்தான மலைச்சரிவு, நடுவில் ஒரு ஒடுங்கின நிலம். கோடை முழுக்க ஏரி வாங்கின சூட்டை இலையுதிர் காலத்தில் மெல்ல விடும், பழம் பழுக்க இன்னும் சில கிழமை கிடைக்கும். வசந்தத்தில் அதே ஏரி குளிர்ந்து கிடப்பதால் மொட்டு அவசரப்பட்டு வெடிக்காது, பின்பனிக்கும் தப்பும். இந்த ஏரி இல்லாவிட்டால் இவ்வளவு குளிர்நாட்டில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையாவது, பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சையாவது. தோட்டத்துக்கு நடுவில் காற்றாடிக் கோபுரம் மாதிரி நிற்கும், மின்சாரத்துக்கு இல்லை, குளிர் கீழே உறைந்து நிற்கிற இரவில் மேலே இருக்கிற சூடான காற்றைக் கீழே தள்ளத்தான்.

ரீஸ்லிங் ராஜா:

கொடிமுந்திரி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனாலும் நான் கொஞ்சம் முரண்படுகிறேன். எல்லாரும் ஐஸ் ஒயினைத் தேடிப் போகிறோம், அது ஒரு வாய்க்கு மேல் முடியாது, 375 மில்லி பாட்டில் ஐம்பது டாலரைச் சுற்றி வரும், வாங்கி வந்து ஷோகேஸில் வைப்பவர்கள்தான் அதிகம். நயாகராவின் உண்மையான பலம் டிரை, அதாவது இனிப்பில்லாத, ரீஸ்லிங், ஷார்டனே என்ற வெள்ளை, காபர்னே ஃபிராங்க் என்ற சிவப்பு. குளிர்ப் பிரதேச ஒயினில் நீங்கள் தேட வேண்டியது புளிப்பு. வெயில் நாட்டு ஒயின் வாயில் கனமாக இருக்கும், இங்கே எலுமிச்சை பிழிந்த மாதிரி நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறும். ஊறினால் அது நல்ல அறிகுறி. சிவப்பில் பச்சைக் குடைமிளகாய் வாசனை லேசாக வந்தால் பயப்படாதீர்கள், காபர்னே ஃபிராங்க் அப்படித்தான். துவர்ப்பு எவ்வளவு என்று ஈறில் பாருங்கள்.

பழைய ரீஸ்லிங் இருந்தால் கேட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வரும். சத்தியமாக. கெட்டுப் போனது இல்லை, அதற்காகவே காத்திருந்து குடிக்கிறவர்கள் உண்டு.

வழி என்றால், நீங்கள் மிசிசாகாவிலிருந்து கியூஇடபிள்யூ நெடுஞ்சாலையில் வருகிறீர்கள், முதலில் பீம்ஸ்வில், வைன்லேண்ட் பக்கம் சரிவில் இருக்கிற தோட்டங்கள்தான் வரும். காலை 11 மணிக்கு அங்கே ஆரம்பியுங்கள். சுண்ணாம்புக்கல் மண், ரீஸ்லிங்குக்குப் பேர் போன இடம், கேவ் ஸ்பிரிங் மாதிரி பழைய தோட்டங்கள் உண்டு. அப்புறம் ஷார்ட் ஹில்ஸில் ஹென்றி ஆஃப் பெல்ஹாம் என்ற தோட்டம், அங்கே பாகோ நுவார் என்ற கலப்பினச் சிவப்பு, மிளகும் புகையுமாக இருக்கும். கடைசியாக நயாகரா-ஆன்-த-லேக். அது சமவெளி, கூட்டமும் அதிகம், பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான், மச்சினன் போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் பெல்லர் தோட்டத்தில் மைனஸ் 10 டிகிரியில் பனிக்கட்டி அறை ஒன்று இருக்கிறது. நான் போக மாட்டேன், ஆனால் சென்னைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

கடையில் வாங்கும்போது வி.க்யூ.ஏ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுக்க இந்த மாகாணத்துத் திராட்சை. கனடா பெயரைப் பெரிதாகப் போட்டு, பின்பக்கம் சின்ன எழுத்தில் இறக்குமதி ஒயினும் கலந்தது என்று எழுதியிருப்பதும் உண்டு. அப்புறம் லேசாக இனிப்பு இருக்கிற ரீஸ்லிங் ஒன்று வாங்கி வந்து வஞ்சிர மீன் குழம்போடு குடித்துப் பாருங்கள், காரத்துக்கு அந்த இனிப்பு, புளிக்கு அந்தப் புளிப்பு. சிவப்பு ஒயினைக் காரக் குழம்போடு சேர்த்தால் வாய் எரியும், துவர்ப்பு காரத்தைத் தூக்கிவிடும்.

மிசிசாகா பாலா:

எல்லாருக்கும் நன்றி. பீம்ஸ்விலிலிருந்து தொடங்குகிறோம், மூன்றே இடம். இன்னும் ஒன்று, மச்சினன் ஊருக்கு ஐஸ் ஒயின் கொண்டு போக வேண்டும் என்கிறான், எத்தனை பாட்டில் கொண்டு போகலாம்?

மார்க்கம் அக்கா:

இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கம் இல்லை. 375 மில்லி என்றால் ஐந்து பாட்டில், 125 மில்லி மிச்சம். கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள்தான், இரண்டு ஜீன்ஸுக்கு நடுவில் சுற்றி வையுங்கள். டேஸ்டிங்கில் திறந்த பாட்டில் எதையாவது கொண்டு வந்தால் காரில் கை எட்டாத இடத்தில், டிக்கியில் இருக்கட்டும். கோடையாக இருந்தால் டிக்கியும் ஆபத்து, ஒரு ஜூலையில் நான் நான்கு மணி நேரம் விட்டுவிட்டு வந்து பார்த்தால் கார்க் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மிசிசாகா பாலா:

போய் வந்துவிட்டோம், சொல்ல வேண்டும் என்று வந்தேன். வியாழக்கிழமை போனது நல்லதாயிற்று, முதல் இடத்தில் நாங்கள் மட்டும்தான். அறுவடை நடந்துகொண்டிருந்தது, ஊற்றிக் கொடுத்த அம்மா வெளியே கூட்டிப் போய் கொடியிலிருந்து பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்தார், தோல் தடிப்பு, கொட்டை பெரியது, ஆனால் அவ்வளவு இனிப்பை நான் கடைத் திராட்சையில் பார்த்ததில்லை. நான் முதல் தடவை துப்பும்போது சட்டையில் ஊற்றிக்கொண்டேன். வீட்டில் தண்ணீரை வைத்துப் பழகிவிட்டுப் போங்கள் என்று யாரும் சொல்லவில்லையே.

மச்சினனுக்கு காபர்னே ஃபிராங்க் பிடித்துவிட்டது, ஐஸ் ஒயினை ஒரு வாய் வைத்துவிட்டு "பலாச்சுளையைத் தேனில் போட்ட மாதிரி இருக்கு மாமா" என்றான், ஆனாலும் ஐந்து பாட்டில் வாங்கினான், எல்லாம் அப்பாவுக்காம். ராஜா சொன்ன பழைய ரீஸ்லிங் இரண்டாவது இடத்தில் இருந்தது. மனைவிக்கு முகர மட்டும் கொடுத்தேன். "இதுக்கா காசு கொடுக்கறீங்க, பெட்ரோல் பங்க்ல நின்னாலே வருமே" என்றாள். ஊற்றிக் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார், நான் நன்றாக இருக்கிறதாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பையன் கப்பலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அக்கா. லேசான இனிப்பு ரீஸ்லிங் ஒன்று பிரிட்ஜில் இருக்கிறது, சனிக்கிழமை வஞ்சிரம் வாங்கி வர வேண்டும்.