கேட்டலாக்ல கையால காலம் சேர்க்கிறேன், டிஸ்க்ரிப்ஷன்ல என்ன எழுதணும்?

பெல்லந்தூர்_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் வந்து எட்டு மாசம் ஆச்சு, அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு ஆபீஸ்ல டேட்டா அனலிஸ்ட்டா இருக்கேன். புதுசா டேட்டா கேட்டலாக் டூல் (எந்த டேபிள்ல என்ன இருக்குன்னு எழுதி வைக்கிற இடம்) கொண்டு வந்திருக்காங்க. டேட்டாபேஸ்ல இருக்கிற டேபிள் எல்லாம் ஸ்கேன்ல தானா வந்துடுச்சு, ஆனா டெலிவரி பார்ட்னர்கிட்ட இருந்து தினம் ராத்திரி எஸ்எஃப்டிபில (ஃபைல் அனுப்புற ஒரு பாதுகாப்பான வழி) வந்து விழுற மூணு ஃபைல் இருக்கு, அதுக்கு ஸ்கேனர் போக வழியில்ல, அதனால அந்த மூணையும் கையாலயே டேபிளா போட்டு ஒவ்வொரு காலமா (நெடுவரிசையைத்தான் சொல்றேன்) சேர்த்து டிஸ்க்ரிப்ஷனும் எழுதுன்னு என்கிட்ட குடுத்துட்டாங்க. மொத்தம் 142 காலம்.

ரெண்டு நாள்ல 19தான் முடிஞ்சிருக்கு. ஆட் அமுக்கணும், பேர் அடிக்கணும், டேட்டா டைப் தேடணும், சேவ் குடுத்தா பக்கம் திரும்ப லோடு ஆகும், இப்படியே போகுது. இதுக்கு வேற வழி இருக்கா?

அதைவிட பெரிய குழப்பம் டிஸ்க்ரிப்ஷன்ல. ஆர்டர்_டேட்னா "ஆர்டர் தேதி"ன்னு போட்டுட்டுப் போ, யார் படிக்கப் போறான்னு சீனியர் சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல. நான் சேர்ந்த புதுசுல எஃப்எல்ஜி_2ன்னு ஒரு காலம் என்னன்னே தெரியாம மூணு நாள் ஒவ்வொரு சீட்டா போய் கேட்டுட்டு இருந்தேன், கடைசில அது ரிட்டர்ன் ஆன பார்சலுக்கான குறின்னு வேற டீம்ல ஒருத்தர் சொன்னார். அடுத்து வர்ற ஆளும் அப்படி அலையக் கூடாதுன்னுதான் கேக்குறேன். நாளைக்கு ஸ்கேனர் கனெக்ட் பண்ணா நான் எழுதுனது அழிஞ்சிடுமான்னும் யாராவது சொல்லுங்க.

ஓசூர்_பஸ்:
ப்ரோ, முதல்ல ஒண்ணொண்ணா அடிக்கிறதை நிறுத்துங்க. நீங்க போட்ட 19ஐ எக்ஸ்போர்ட் எடுத்துப் பாருங்க, அநேகமா சிஎஸ்வியா (கமா போட்டுப் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்) வரும், அதோட ஹெட்டர்தான் (முதல் வரில இருக்கிற தலைப்புங்க) உங்க டெம்ப்ளேட். மிச்சத்தை ஷீட்ல அடிச்சு ஒரே தடவைல இம்போர்ட் குடுத்துடலாம். முதல்ல அஞ்சு வரி மட்டும் ஏத்திப் பாருங்க, சரியா விழுந்தா மிச்சம்.

நான் அடிபட்ட இடங்களைச் சொல்லிடறேன். டேட்டா டைப்ல டெசிமல்(12,2)ன்னு வரும் பாருங்க, நடுவுல இருக்கிற கமா சிஎஸ்வியை உடைச்சு அந்த வரில எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போயிடும், அதனால அதுக்கு டபுள் கோட்ஸ் கட்டாயம். நோட்பேடுல கையால எழுதுனா இது நடக்கும், எக்ஸெல்ல சேவ் பண்ணா அதுவே கோட்ஸ் போட்டுடும். எக்ஸெல்ல யூடிஎஃப்-8னு சேவ் பண்ணா ஃபைல் தலையில கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உக்காந்துக்கும், சில டூல் அதைப் படிக்கத் தெரியாம "முதல் ஹெட்டரே இல்ல"ன்னு எரர் அடிக்கும், நான் அரை நாள் முழிச்சேன். அப்புறம் பார்ட்னர் ஃபைலை எக்ஸெல்ல திறந்து டைப் முடிவு பண்ணாதீங்க. ஸ்டோர் ஐடி 00417ன்னு இருந்தா அது 417ன்னு காட்டும், நீங்க இன்டிஜர்னு போடுவீங்க, அப்புறம் எந்த ஜாயினும் (ரெண்டு டேபிளை இணைக்கிறது) சேராது. வெறும் டெக்ஸ்ட் எடிட்டர்ல திறங்க. காலம் பேரும் ஃபைல்ல எப்படி இருக்கோ அப்படியே, வரிசையும் அப்படியே.

மல்லேஸ்வரம்_அக்கா:
தம்பி, உங்க மனசு சொல்றதுதான் சரி. பேரையே விரிச்சு எழுதுறதுக்கு டிஸ்க்ரிப்ஷனே வேண்டாம், காலியா விட்டா இன்னும் எழுதலன்னாவது தெரியும்.

முன்னாடி ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) இருந்தப்ப மாசக் கடைசில சேல்ஸ் ரிப்போர்ட்டும் ஃபைனான்ஸ் கணக்கும் ஒவ்வொரு தடவையும் இடிக்கும். வித்தியாசம் பெருசா இருக்காது, ஆனா இருந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு டீமும் ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிட்டு, ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து வரி வரியா ஒப்பிட்டுப் பார்த்திருக்கோம். கடைசில பார்த்தா கிரியேட்டட்_அட் காலம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கு. நம்ம நேரம் அதைவிட 5 மணி 30 நிமிஷம் முன்னால ஓடுது, அதனால 1ஆம் தேதி நடுராத்திரில இருந்து விடியக்காலை 5.30 வரைக்கும் போட்ட ஆர்டர் எல்லாம் போன மாசக் கணக்குல போய் விழுந்திருக்கு. கேட்டலாக்ல அந்தக் காலத்துக்கு எழுதியிருந்தது "உருவாக்கிய நேரம்". யூடிசின்னு ஒரு வார்த்தை சேர்த்திருந்தா எத்தனை பேர் நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பாங்க.

அதனால பேரைப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாததை எழுதுங்க. தொகைன்னா ரூபாயா பைசாவா, 49900ன்னு இருந்தா அது 499 ரூபாயான்னு தெரியணும், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலான்னும் தெரியணும். கோடுன்னா (குறியீடு) 1, 2, 7க்கு எல்லாம் என்ன அர்த்தம். காலியா இருந்தா என்ன அர்த்தம், காலியும் பூஜ்யமும் ஒண்ணா வேறயா. நான் எழுதுன ஒண்ணை அப்படியே தர்றேன்: "யூடிசி. டெலிவரி ஆள் ஆப்ல முடிஞ்சதுன்னு அமுக்குன நேரம், வாசல்ல பொருளைக் குடுத்த நேரம் இல்ல. ஆர்டர் கேன்சல் ஆனா காலி." அந்த நடு வாக்கியம் எந்த ஸ்பெக்லயும் கிடையாது. அவங்க ஆபரேஷன்ஸ்ல இருந்தவர்கிட்ட ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்து கேட்டப்பதான் வந்துச்சு, லிஃப்ட் இல்லாத பில்டிங்னா ஆளுங்க கீழயே அமுக்கிட்டு அப்புறம்தான் மேல ஏறுவாங்களாம். உங்க பார்ட்னர் பக்கமும் அப்படி ஒருத்தர் கட்டாயம் இருப்பார், அவரைப் பிடிங்க. தெரியாத காலத்துக்கு ஊகிச்சு எழுதாம "கேட்டிருக்கேன்"னு தேதியோட போட்டு விடுங்க.

இன்னொண்ணு, உங்க ஃபைல்ல கடைக்காரங்க ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு நம்பர்) இருக்கா? அது 15 எழுத்து, முதல் ரெண்டு மாநிலம் (கர்நாடகா 29, தமிழ்நாடு 33), அடுத்த பத்தும் அப்படியே பான் நம்பர். தனி ஆள் நடத்துற கடைன்னா அது அந்த மனுஷனோட சொந்த பான், பான்ல நாலாவது எழுத்து பி-ன்னு இருக்கும். பிசினஸ் நம்பர்தானேன்னு விட்டுடாதீங்க, தனிநபர் தகவல்னு டேக் போடுங்க. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஆடிட்ல இதைத்தான் முதல்ல கேக்குறாங்க, எங்க டீம்ல ரெண்டு தடவை கேட்டாச்சு.

கியூரி_சேலம்:
அழியுமான்னு கேட்டதுக்கு நான் சொல்றேன், அது டூலைப் பொறுத்தது. டேட்டாஹப்ங்கிற கேட்டலாக் டூல்ல ஸ்கேன்ல வர்றது ஒரு இடத்துலயும் நம்ம ஸ்கிரீன்ல எழுதுறது எடிட்டபிள் ஸ்கீமான்னு வேற இடத்துலயும் உக்காருது, அதனால திரும்ப ஸ்கேன் ஓடினாலும் நம்மது நிக்கும். ஏடபிள்யூஎஸ் க்ளூல (அமேசானோட டூல்) க்ராலர் (அங்க ஸ்கேனருக்கு அதான் பேர்) செட்டிங்கைப் பார்க்கணும், டேபிளை அப்டேட் பண்ணாதேன்னோ புது காலம் மட்டும் சேருன்னோ வெச்சுட்டா தப்பிச்சீங்க. அங்க காலம் கமெண்டுக்கு 255 பைட்தான் இடம், அதுவும் ஒரே வரி, அதனால அக்கா எழுதுன மாதிரி யூடிசி, பைசாங்கிறதை முன்னாலயே போடுங்க.

ஆனா உங்களுக்கு நிஜமான ஆபத்து வேற. நீங்க கையால போட்ட டேபிளோட முழுப் பேரும் நாளைக்கு ஸ்கேனர் கொண்டு வர்ற முழுப் பேரும் ஒரு எழுத்து மாறினாலும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் இருந்தாலும், கேட்டலாக்ல ரெண்டு டேபிள் நிக்கும். ஒண்ணுல உங்க டிஸ்க்ரிப்ஷன், இன்னொண்ணுல டேட்டா. எங்க ஆபீஸ்ல இதுதான் நடந்துச்சு. பேரை இப்பவே பிளாட்ஃபார்ம் டீம்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

முடிஞ்சா இந்த ஃபைல் எந்த டேபிள்ல லோடு ஆகுதோ அந்த டேபிள்லயே கமெண்ட் எழுதிடுங்க, எந்த டூல் மாறினாலும் கூடவே வரும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல "கமெண்ட் ஆன் காலம்" ஒரு வரி, வேற எதையும் தொடாது. மைஎஸ்கியூஎல்ல மட்டும் ஜாக்கிரதை, அங்க கமெண்டை மாத்த மாடிஃபை காலம்னு முழு டெஃபனிஷனையும் திரும்ப எழுதணும், நாட் நல் (காலியா இருக்கக் கூடாது), டிஃபால்ட் (எதுவும் குடுக்கலன்னா விழுற மதிப்பு)னு ஏதாவது விட்டீங்கன்னா டேபிள்ல அது போயிடும்.

பெல்லந்தூர்_புதுசு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இம்போர்ட்ல ரெண்டு ஃபைல் முடிச்சுட்டேன், அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறி எனக்கும் வந்துச்சு. அக்கா, நீங்க சொன்ன மாதிரி பார்ட்னர் சைடுல ஒருத்தரைப் பிடிச்சேன், மதுரைக்காரர்னு தெரிஞ்சதும் தமிழ்லயே முக்கால் மணி நேரம் பேசினார். வெயிட்_1 கடைக்காரர் சொன்ன எடை, வெயிட்_2 அவங்க குடோன்ல நிறுத்த எடை, ரெண்டுமே கிராம்ல. எங்க டேஷ்போர்டு இத்தனை நாளா வெயிட்_1ஐ எடுத்துட்டு இருக்கு, டீம்ல இன்னைக்கே சொல்லிட்டேன்.

மூணாவது ஃபைல்ல ரிமார்க்ஸ்னு ஒரே பேர்ல ரெண்டு காலம் இருக்கு, 11வதும் 38வதும், டூல் ரெண்டாவதை ஏத்துக்க மாட்டேங்குது. என்ன பண்றது?

கியூரி_சேலம்:
லோடு ஆன டேபிள்ல அது என்ன பேர்ல விழுந்திருக்குன்னு பாருங்க, பாண்டாஸ்ல (பைத்தான் லைப்ரரி) படிச்சிருந்தா ரெண்டாவதுக்கு பின்னாடி .1னு சேர்ந்திருக்கும். அந்தப் பேரையே கேட்டலாக்லயும் குடுத்துட்டு, டிஸ்க்ரிப்ஷன்ல "ஃபைல்ல 38வது காலம், ஹெட்டர்ல ரிமார்க்ஸ்"னு எழுதுங்க. அந்த ரெண்டுல எதை யார் நிரப்புறாங்கன்னு மதுரைக்காரர்கிட்டயே இன்னொரு தடவை கேட்டுடுங்க.