மோட்டார் ஓடுகிறது, சனி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது

மொட்டைமாடி_திண்டுக்கல்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 150/750 நியூட்டோனியன் தொலைநோக்கி (கண்ணாடி 150 மி.மீ., குவியத் தூரம் 750 மி.மீ.), அதைத் தாங்கித் திருப்பும் ஈக்யூ5 வகை மவுண்ட். இரண்டு மாதம் முன்னால் ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். ஆர்.ஏ. அச்சுக்கு (வானத்தின் ஓட்டத்தோடு கிழக்கு மேற்காகத் திருப்பும் அச்சு) மட்டும் மோட்டார் உண்டு, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரோடு.

10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சனியை நடுவில் வைத்தால் அழகாக நிற்கிறது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கும். திடீரென்று ஒரு நகர்வு. நடுவிலிருந்து விளிம்புக்குப் பாதி தூரம் போய்விட்டு, மறுபடி சிலை மாதிரி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து இதே கதை. எல்இடி அணைவதில்லை, மோட்டார் சத்தமும் நிற்பதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் 10 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், மவுண்டின் அச்சை அதை நோக்கித்தான் வைக்க வேண்டும், ஆனால் அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் நிற்கிறது. அதனால் திசைகாட்டியையும் போனில் உள்ள கோணமானியையும் வைத்துத்தான் மவுண்டைத் திருப்பி வைத்திருக்கிறேன். காரணம் அதுதானா?

வால்வெள்ளி77:
பேட்டரியை மாற்றுங்கள். நான்கு பெரிய செல் போடும் பெட்டிதானே? சாதா செல் போட்டால் ஒரு மணி நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் திணறும். எனக்கு இப்படித்தான் இருந்தது.

மொட்டைமாடி_திண்டுக்கல்:
செல் இல்லை சார். எமர்ஜென்சி விளக்கில் வரும் 6 வோல்ட் 4.5 ஏ.எச். பேட்டரியில் ஓட்டுகிறேன். மோட்டார் ஓடும்போது அளந்தால் 6.3 காட்டுகிறது.

லேத்_கோவை:
பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது, அதை விடுங்கள். துருவ அச்சும் காரணம் இல்லை. அச்சு ஒரு டிகிரி தள்ளியிருந்தால்கூட நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 ஆர்க்செகண்ட்தான் (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட்டுக்கு 60 ஆர்க்செகண்ட்) நகரும், அதுவும் மெதுவாக, விடாமல். நின்று நின்று ஓடாது.

உங்கள் ஐபீஸ் 75 மடங்கு பெரிதாக்கும் (750-ஐ 10-ஆல் வகுத்தது). சாதாரண 50 டிகிரி பார்வை அகல ஐபீஸ் என்றால் தெரியும் வானம் சுமார் 40 ஆர்க்மினிட், நடுவிலிருந்து விளிம்பு 20. அதில் பாதி 10 ஆர்க்மினிட், அதாவது 600 ஆர்க்செகண்ட். வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் ஓடுகிறது. ஆக, உங்கள் மோட்டார் 40 நொடி வேலை செய்யவில்லை. சத்தம் வந்ததே என்று நம்பாதீர்கள். ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுற்றும் வகை) மாட்டிக்கொண்டு நின்றாலும் கர்ரென்று கத்திக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு விஷயம் பாருங்கள் தம்பி. முதலில், சனி எந்தப் பக்கம் நழுவுகிறது? மோட்டாரை அணைத்தால் அது ஓடும் பக்கம்தான் மேற்கு. நழுவலும் அதே பக்கமா? அடுத்தது, ஒரு நழுவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்? போன் ஸ்டாப்வாட்ச் போதும். மற்றதை அப்புறம் பேசலாம். இதைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

மொட்டைமாடி_திண்டுக்கல்:
நேற்று இரவு பார்த்தேன் அண்ணா. நழுவல் மேற்குப் பக்கம்தான். இடைவெளி ஒவ்வொரு முறையும் 10 நிமிடம், சில நொடி முன்னே பின்னே.

லேத்_கோவை:
அப்படியானால் ஆள் அகப்பட்டான். ஈக்யூ5-ல் ஆர்.ஏ. அச்சைத் திருப்பும் வீலுக்கு (பல்சக்கரம்) 144 பல்; வார்ம் என்னும் திருகுத்தண்டு ஒரு சுற்று சுற்றினால் அது ஒரு பல் நகரும். வானம் ஒரு சுற்று வர 23 மணி 56 நிமிடம் 4 நொடி, அதாவது 86,164 நொடி. 144-ஆல் வகுத்தால் 598. வார்ம் ஒரு சுற்று சுற்ற எடுக்கும் நேரம் இதுதான். வார்ம் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று, சுற்றுக்கு ஒருமுறை இறுகுகிறது. மோட்டாருக்குள் இருக்கும் குட்டிக் கியர்கள் என்றால் இடைவெளி இதைவிட ரொம்பக் குறைவாக இருந்திருக்கும்.

அந்தத் தண்டில் சந்தேகப்பட இரண்டு இடம். ஒன்று வார்மும் வீலும் கடிக்கும் இடம். இன்னொன்று, தண்டின் நுனியில் மாட்டிய பித்தளைக் கியர் மோட்டாரின் சின்னக் கியரோடு (பினியன்) சேரும் இடம். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது சுலபம். மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் திருப்பும் குமிழை மாட்டி வார்மை மெதுவாக முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு இடத்தில் கனமாக வந்தால் வார்ம் பக்கம் வேலை இருக்கிறது, அது கொஞ்சம் பெரிய வேலை. ஒரே சீராக வந்தால் பிழைத்தீர்கள், கியர் பக்கம்தான்.

வால்வெள்ளி77:
அது கிரீஸாகவும் இருக்கலாமே? இந்த மவுண்டுகளில் பசை மாதிரி ஒரு கிரீஸ் அடைத்து அனுப்புகிறார்கள். கொடைக்கானல் குளிரில் எனக்கு அச்சே திரும்பவில்லை.

லேத்_கோவை:
இருக்கலாம். ஆனால் கிரீஸ் கெட்டியானால் எப்போதும் கனம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கனக்காது.

மொட்டைமாடி_திண்டுக்கல்:
கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி வருகிறது. மோட்டாரை மாட்டிவிட்டுக் கியரைக் கவனித்தேன். ஒரு பக்கம் பற்களுக்கு நடுவே லேசான இடைவெளி தெரிகிறது, எதிர்ப்பக்கம் வரும்போது பல் அடிவரை இறுகிக் கடிக்கிறது. கியர் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா?

லேத்_கோவை:
கோணல் இல்லை, மையம் விலகியிருக்கிறது. கியர் ஓட்டை தண்டைவிட ஒரு நூல் பெரிது. கியரைத் தண்டோடு பிடிக்கும் ஒற்றை கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத ஸ்க்ரூ) முடுக்கும்போது கியர் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது.

மோட்டார் பிடிமானத்தின் போல்ட்டைத் தளர்த்துங்கள். கியரைச் சுற்றி, மிக இறுக்கமாகக் கடிக்கும் பக்கத்தைப் பினியனுக்கு நேரே கொண்டு வாருங்கள். நடுவே ஒரு துண்டு நோட்டுத் தாளை வைத்து, மோட்டாரை மெல்ல அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை முடுக்குங்கள். பிறகு கியரைத் திருப்பித் தாளை வெளியே எடுங்கள். தாளில் பல்தடம் விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்தில் பிளே (பற்களுக்கு நடுவே உள்ள தளர்வு) கூடும். கவலை வேண்டாம், குழாயைக் கிழக்கும் மேற்கும் சரிசமமாக பேலன்ஸ் செய்யாமல் கிழக்குப் பக்கம் கொஞ்சம் கனமாக விடுங்கள். அப்போது மோட்டார் எப்போதும் சுமையைத் தூக்கிக்கொண்டே போகும், பற்கள் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும். சரியான சமநிலையில் வைத்தால்தான் குழாய் பிளேக்குள் ஆடும்.

மொட்டைமாடி_திண்டுக்கல்:
வேலை செய்கிறது அண்ணா! முக்கால் மணி நேரம் சனி ஐபீஸை விட்டு நகரவில்லை. கொஞ்சம் வடக்கு தெற்காக ஊர்கிறது, அது டேங்க் செய்யும் வேலை என்று தெரியும். அந்தக் கியரையே மாற்றிவிடலாமா? இங்கே ஒரு லேத் பட்டறையில் செய்து தருகிறேன் என்கிறார்கள்.

லேத்_கோவை:
மாற்றலாம், அவசரம் இல்லை. செய்வதாக இருந்தால் பல்லை எண்ணுங்கள், வெர்னியரில் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். விட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் (பல்லின் பரிமாண அளவு) வரும், பட்டறையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஓட்டையைத் தண்டுக்குத் தக்கபடி டைட்டாகப் போடச் சொல்லுங்கள். கிரப் ஸ்க்ரூ இரண்டு, 90 டிகிரி தள்ளி.

கியர் மாட்டியதும் அந்தத் தாள் வேலையை மறுபடி செய்ய வேண்டும்.