நடைபாதை முன்னுரிமை: திறந்த தரவையும் குடியிருப்போர் கருத்தையும் எப்படிச் சேர்ப்பது?

தெருவோரம்:
ஒரு நகர்ப்பகுதியில் எந்தத் தெருவுக்கு முதலில் நடைபாதை என்று வரிசைப்படுத்த வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடம்) சாலைகள், பேருந்து நிறுத்தங்களின் ஜிடிஎஃப்எஸ் (பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவம்) கோப்பு, விபத்து இடங்களின் சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) கைவசம் உண்டு. மக்கள் புள்ளி வைத்துக் குறை சொல்ல இணையப் படிவமும் திறந்தாயிற்று. ஆனால் புள்ளிகளில் பெரும்பகுதி ஒரே மூலையில் குவிந்திருக்கிறது. இதை ஹீட்மேப்பாக (புள்ளிகளின் நெருக்கத்தை நிறத்தால் காட்டும் வரைபடம்) போட்டு முடிவெடுக்கலாமா? இன்னொரு சிக்கல்: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டால் வரைபடம் முழுவதும் மூடிவிடுகிறது.

சமன்கோடு:
வட்டத்துக்குக் காரணம் எளிது. உங்கள் வரைபட அடுக்கு இபிஎஸ்ஜி 4326-இல் (அட்சரேகை, தீர்க்கரேகையால் இடம் குறிக்கும் முறை) இருக்கிறது. அதன் அலகு பாகை. 400 என்று கொடுத்தால் 400 பாகை. மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் உங்கள் இடத்துக்குரிய மண்டலத்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள்.

மாற்றினாலும் வட்டம் ஏமாற்றும். நடுவில் ரயில் பாதையோ கால்வாயோ இருந்தால் 100 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டிவரும். சாலை வலைப்பின்னல் வழியே தூரம் கணக்கிடும் ‘சர்வீஸ் ஏரியா’ கருவிதான் சரி. அது காட்டும் பரப்பு திடீரென ஒரு சந்திப்பில் நின்றுபோனால், அங்கே இரண்டு சாலைக் கோடுகள் ஒட்டாமல் கிடக்கின்றன என்று பொருள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நடைபாதைக் குறிச்சொல் இல்லாத சாலையை ‘நடைபாதை இல்லை’ என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் யாரும் இன்னும் பதியவில்லை, அவ்வளவுதான்.

திண்ணைக்கூட்டம்:
ஹீட்மேப் வேண்டாம். அது காட்டுவது குறை அதிகமுள்ள இடத்தை அல்ல, படிவம் போய்ச்சேர்ந்த இடத்தை. மக்களைக் கேட்டும் குறை வராத இடம் வேறு, கேட்கவே படாத இடம் வேறு. உங்கள் வரைபடத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும்.

பகுதியை 250 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டத்துக்கு மூன்று எண்கள்: மக்கள்தொகை, கேட்கப்பட்டவர்கள், குறை சொன்னவர்கள். இரண்டாவது எண் பூச்சியமாக உள்ள கட்டங்களுக்கு நேரில் போகவேண்டும். 1:2000 அளவில் ஏ1 தாளில் அச்சிட்டால் சுமார் 1.7 × 1.2 கிலோமீட்டர் அடங்கும். ஒவ்வொரு வீடும் தெரியும். நான்கு மூலையிலும் ஆயத்தொலைவோடு கூட்டல்குறி இடுங்கள், பிறகு ஸ்கேன் செய்து பொருத்த அதுதான் பிடி. பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, காலையில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு முறை தாளை விரியுங்கள். முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், தெரு வியாபாரிகள் ஆகியோரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அவர்கள் படிவத்துக்கு வரமாட்டார்கள்.

‘நடைபாதை வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அந்தப் பதிலால் பயனில்லை. ‘எந்த இடத்தில் சாலையில் இறங்கி நடக்கிறீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். கைபேசியின் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பவும் வேண்டாம்: உயரக் கட்டடங்களுக்கிடையே புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். இடத்தை அவர்களே வரைபடத்தில் தொட்டுக் காட்டட்டும்.

கட்டக்கணக்கு:
விபத்துக் கோப்பில் ஒரே ஆயத்தொலைவில் நிறையப் பதிவுகள் அடுக்கியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சரியான இடம் தெரியாதபோது காவல் நிலையத்தையோ பகுதியின் மையத்தையோ பதிந்திருக்கலாம். அவற்றைத் தனியே எடுத்துவையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் குழைக்காதீர்கள். விபத்து, நடைதூரம், மக்கள் குறை என்று தனித்தனி நெடுவரிசை இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தரும் எடையை, அதாவது முக்கியத்துவத்தை, மாற்றி மாற்றித் தெருக்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் முதல் பத்தில் நிற்கும் தெருக்களில் தயங்காமல் தொடங்கலாம். மக்கள் அஞ்சும் சந்திப்பில் விபத்துப் பதிவே இல்லையென்றால் அதைத் தள்ளிவிடாதீர்கள், அஞ்சி அங்கே யாரும் கடக்காமலேயே இருக்கக்கூடும்.

வெளியிடும்போது பெயர், கைபேசி எண், வீட்டுப் புள்ளி மூன்றையும் நீக்குங்கள். ஐந்து பேருக்குக் குறைவாகப் பேசிய கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு குறைக்கும் ‘ஏற்றோம்’, ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்று எழுதிய பட்டியலையும் அதே தாள் விரித்த இடங்களில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் புள்ளி வைக்க வரமாட்டார்கள்.