தேர்வு நேரத்தில் தினசரி ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

அரைத்தூக்கம்:
இயந்திரப் பொறியியல், மூன்றாம் ஆண்டு. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் ஓடுவேன். திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, புத்தகத்தைத் திறப்பதற்குள் இரவாகிவிடும். போன பருவத்தில் வெப்ப இயக்கவியலில் மதிப்பெண் நன்றாகவே சரிந்துவிட்டது. "அந்த ஒரு மணி நேரத்துல ஒரு பாடத்தையே முடிச்சிடலாமே" என்கிறான் அறைத்தோழன். இணையத்தில் பார்த்தால், உடற்பயிற்சி செய்கிற மாணவர்கள்தான் அதிக மதிப்பெண் வாங்குகிறார்களாம். எதை நம்புவது?

மலையேறி:
நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திப் பார்த்தேன். மிச்சமான நேரம் அப்படியே கைபேசிக்குப் போய்விட்டது.

சராசரிக்கு மேல்:
புள்ளியியலில் ஆய்வு மாணவி நான். இந்த மாதிரிக் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த "அதிக மதிப்பெண்" கதை. இதில் பெரும்பாலானவை மாணவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, வாரத்தில் எவ்வளவு பயிற்சி, மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டு ஒப்பிட்டவை. படிப்புக்கு நடுவில் வேலைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு ஓடவும் நேரம் இருக்கும், படிக்கவும் நேரம் இருக்கும். மதிப்பெண் கால்களால் வந்ததா, வசதியால் வந்ததா என்று படிவம் சொல்லாது. அதுவும் போக, பயிற்சி நேரத்தைக் கூட்டிச் சொல்லாத மனிதர் யார்?

எனக்கு நம்பிக்கை தருவது சோதனைகள்தான். நார்வேயில் பல்கலைக்கழக மாணவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போக ஊக்கத்தொகை கொடுத்தார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வில் அவர்களின் மதிப்பெண் கூடியது. குறிப்பாக, ஏற்கெனவே வாழ்க்கைமுறை ஒழுங்கில்லாமல் திண்டாடியவர்களுக்கு. நீங்கள் ஏற்கெனவே ஓடுகிறவர். ஆகவே இன்னும் கூட்டினால் இன்னும் மதிப்பெண் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

"ஓடினால் மூளை வளரும்" என்று ஒருவர் நிச்சயம் இங்கே வந்து எழுதுவார். அது 2011இல் வந்த ஆய்வு. ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது உண்மைதான். ஆனால் கலந்துகொண்ட 120 பேரும் 55 வயதைத் தாண்டியவர்கள். உங்கள் தாத்தாவிடம் காட்டுங்கள்.

சரி, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. ஓட்டம் கடுமையான வகை. நீங்கள் வாரத்துக்கு 420 நிமிடம் ஓடுகிறீர்கள்! தேர்வு முடியும்வரை அரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள் என்று குறைத்தால்கூட 120 நிமிடம் வருகிறதே. உடம்புக்கு அது தாராளம். தூக்கத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். உங்கள் பெயரைப் பார்த்தால் அதைத்தான் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நீச்சல்காரி:
பல்கலைக்கழக அணியில் இருக்கிறேன். எங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். போட்டிக்காகப் பயணம், விடிகாலைப் பயிற்சி, தவறிய வகுப்பு. நீந்துவதால் மதிப்பெண் கூடுகிறது என்று யாராவது சொன்னால் எங்கள் அணியில் சிரிப்பார்கள்.

அரைத்தூக்கம்:
நன்றி அக்கா. பெயர் விஷயம் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அரை மணி நேரமாகக் குறைக்கிறேன். காலையில் ஓடுவதா, மாலையிலா?

சராசரிக்கு மேல்:
நெதர்லாந்தில் 2016இல் ஒரு சோதனை நடந்தது. 72 பேர், படங்களும் அவை இருந்த இடங்களும் சேர்த்து 90 ஜோடிகளை மனப்பாடம் செய்தார்கள். ஒரு பிரிவினர் உடனே மிதிவண்டிப் பயிற்சி செய்தார்கள், இன்னொரு பிரிவினர் 4 மணி நேரம் கழித்து, மூன்றாம் பிரிவினர் செய்யவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது நடுப் பிரிவினர்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். உடனே பயிற்சி செய்தவர்களுக்குப் பலன் ஒன்றும் தெரியவில்லை. படங்களை நினைவில் வைப்பதும் வெப்ப இயக்கவியலும் ஒன்றல்ல, அதனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மதியம் கடினமான பாடத்தைப் படித்துவிட்டு மாலையில் ஓடுவதில் நஷ்டமில்லை. மாலை ஓட்டம் உங்களுக்குப் பழகியதுதானே, அப்படியே விடுங்கள். படிப்பதை மட்டும் இரவிலிருந்து மதியத்துக்குக் கொண்டுவாருங்கள்.