கும்பகோணத்தில் மூன்று நாள்: சாப்பாடும் டிகிரி காபியும் எங்கே நன்றாக இருக்கும்?

பயணப்பை:
அடுத்த வாரம் அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிறேன். கும்பகோணத்தில் அறை எடுத்து மூன்று நாள் தங்குகிறோம். சென்னையிலிருந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகக் காரில் வருகிறோம். இரண்டு பேருக்கும் எழுபது வயதுக்கு மேல். சைவம் மட்டும், காரம் ஆகாது. திருநள்ளாறு போகிற அன்று சீக்கிரம் கிளம்ப வேண்டும், காலை ஆறு மணிக்கே டிபன் கிடைக்கிற கடை இருந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு நல்ல டிகிரி காபி குடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

நெடுஞ்சாலைப் பறவை:
மாதம் இரண்டு தடவை சென்னைக்கும் திருச்சிக்கும் வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன். டிகிரி காபிக்காகக் கும்பகோணம் வரை காத்திருக்க வேண்டாம். மதுராந்தகம் பக்கத்திலேயே சாலை ஓரத்தில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. பளபளவென்று பித்தளை டம்ளர், டவராவில் கொடுப்பார்கள். போன மாதம் கும்பகோணத்துக்கே போய்க் கேட்டேன், எவர்சில்வர் டம்ளரில் வந்தது. மனசு விட்டுப்போயிற்று. பித்தளை டவராவில் கொடுத்தால்தான் அது டிகிரி காபி. ஊர்க்காரர்களே அதை மறந்துவிட்டார்கள், சாலையோரக் கடைக்காரர்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

காவிரிக்கரை:
பறவை சார், உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் ஓர் ஓட்டலில் 31 வருடம் காபி மாஸ்டராக இருந்தவர். விடிகாலை நான்கு மணிக்குப் பால் வந்துவிடும். பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். தண்ணீர் கலந்திருந்தால் மானி உள்ளே இறங்கிவிடும், அன்றைக்குப் பால்காரர் கேனோடு திரும்ப வேண்டியதுதான். அந்த மானியில் இருக்கிற கோட்டுக்குப் பெயர்தான் டிகிரி. தண்ணீர் படாத பால், முதல் டிகாக்ஷன், கலந்த கையோடு மேசைக்கு வந்துவிட வேண்டும். காலையில் இறக்கிய டிகாக்ஷன் ஒன்பது மணிக்கு மீதம் இருந்தால் அப்பா அதைத் தொடமாட்டார். அந்தப் பெரிய பித்தளை பில்டரைக் கழுவித் துடைத்து, புதுப் பொடி போட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றுவார். டம்ளர் என்ன உலோகம் என்று 31 வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

பயணப்பை, கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டியே மங்களாம்பிகா இருக்கிறது. பழைய கடை. அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெங்கட்ரமணா. எவர்சில்வரில் கொடுத்தார்கள் என்று வருத்தப்பட வேண்டாம்.

நெடுஞ்சாலைப் பறவை:
"பெரிய பித்தளை பில்டர்." நீங்களே எழுதியது. பில்டர் பித்தளையாக இருக்கலாம், டவரா மட்டும் ஆகாதா?

காவிரிக்கரை:
பில்டர் வேறு, டவரா வேறு. டிகாக்ஷன் இறங்க நேரம் எடுக்கும், அதுவரை சூடு போகாமல் இருக்கக் கனமான பாத்திரம் வேண்டும். குடிக்கிற டம்ளருக்கு அந்த வேலை இல்லை. இதைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எங்கள் ஊர்க்காபிக்கு மதிப்பெண் போட வந்துவிட்டீர்கள்.

பழம்பாத்திரம்:
காவிரிக்கரை கொஞ்சம் நிதானமாகப் பேசலாம். நான் பழைய பாத்திரங்கள் சேர்க்கிறவள். எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டி காலத்து டவரா செட் நான்கு இருக்கிறது, நான்கும் பித்தளை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எவர்சில்வர் நம் வீடுகளுக்குள் பரவலாக வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. கும்பகோணத்தில் காபி கிளப்புகள் அதற்கு முன்பே இருந்தன. அப்போது எதில் கொடுத்தார்கள்? வாழை மட்டையிலா?

நெடுஞ்சாலைப் பறவை:
அம்மா, நன்றி. இதைத்தான் நானும் சொல்கிறேன். பித்தளை டவராதான் அசல்.

காவிரிக்கரை:
பழம்பாத்திரம் அக்கா, உங்கள் வீட்டு டவராவை எடுத்து உள்பக்கம் பாருங்கள். வெள்ளையாக இருக்கும், அல்லது வெள்ளை தேய்ந்து திட்டுத் திட்டாக இருக்கும். அது ஈயப்பூச்சு, வெள்ளீயம். வெறும் பித்தளையில் புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும் என்பதால்தான் "ஈயம் பூசலையோ" என்று ஆள் தெருத்தெருவாக வந்தார். அந்தக் காலத்துப் பித்தளையில் குடித்தவர்கள் ஈயத்தில்தான் வாய் வைத்தார்கள். வசதியானவர்கள் வீட்டில் வெள்ளி டம்ளர் இருந்தது. நெடுஞ்சாலைக் கடை டவராவின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மஞ்சளாக மின்னுகிறதே, அதில் ஈயம் எங்கே போயிற்று? எவர்சில்வர் வந்ததும் ஓட்டல்காரர்கள் மாறினார்கள் என்றால் ஈயம் பூசுகிற தொல்லை விட்டது என்றுதான் மாறினார்கள். காபி மாறவில்லை.

இன்னொன்று. பித்தளை எவர்சில்வரைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். உதடும் விரலும் சுடும். ஆற்றிக் குடிக்கத்தான் டவரா, அலங்காரத்துக்கு இல்லை.

பழம்பாத்திரம்:
உள்பக்கம் பூச்சு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூச்சுக்கு அடியில் இருப்பது பித்தளைதானே?

பால்காரர் மகன்:
நான் வேறு விஷயம் சொல்ல வந்தேன். பால்மானியை வைத்துக்கொண்டு காவிரிக்கரை இவ்வளவு பேசுகிறார். எங்கள் அப்பா திருவிடைமருதூர் பக்கம் இருபது வருடம் பால் ஊற்றியவர். வெண்ணெய் எடுத்த பாலில் மானி இன்னும் மேலே நிற்கும். அதில் அளவு பார்த்துத் தண்ணீர் விட்டால் சரியாக நல்ல பால் கோட்டுக்கே வந்து நிற்கும். வெண்ணெயும் போய், தண்ணீரும் சேர்ந்து, மானியில் மட்டும் தேறிய பால் அது. ஆகவே மானியில் தேறினால் டிகிரி காபி என்பதும் முழு உண்மை இல்லை. பால் கேனோடு திரும்பிப் போனவர் நிலைமை என்ன என்றும் கொஞ்சம் யோசியுங்கள். மாடு தண்ணீர் குடித்ததற்கெல்லாம் எங்கள் அப்பாவை வாசலில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

காவிரிக்கரை:
மாடு தண்ணீர் குடித்தால் பாலில் தண்ணீர் வராது. அது உங்களுக்கே தெரியும்.

மானி மட்டும் போதாது என்று அப்பாவுக்கும் தெரியும். ஒரு சொட்டைக் கட்டை விரல் நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். காய்ச்சும்போது ஆடை எப்படிக் கட்டுகிறது என்று பார்ப்பார். உங்கள் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. டவராவைப் பற்றிப் பேசும்போது நீங்கள் ஏன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள்?

பால்காரர் மகன்:
பாலைப் பேச்சில் கொண்டுவந்தது நீங்கள். உங்கள் அப்பா நகத்தில் விட்டுப் பார்த்தது எங்கள் உழைப்பை.

சிக்கரி வேர்:
டிகிரி என்பது பாலும் இல்லை, பித்தளையும் இல்லை. சிக்கரி என்ற சொல்தான் வாய்க்கு வாய் மாறி டிகிரி ஆகிவிட்டது என்று கேட்டிருக்கிறேன். முதல் டிகாக்ஷன் என்பதால் டிகிரி என்றும் சொல்வார்கள். முதலில் சொல்லுக்கு என்ன பொருள் என்று முடிவு செய்துகொண்டு பிறகு சண்டை போடலாமே.

நெடுஞ்சாலைப் பறவை:
சொல் எப்படி வந்தால் என்ன? கொடுப்பது பித்தளையில் கொடுக்க வேண்டும்.

காவிரிக்கரை:
சிக்கரி வேர் சொல்வதை ஏற்க முடியாது. சிக்கரி கலப்பது குற்றம் இல்லை, கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக டிகாக்ஷன் இறங்க அதுவும் கொஞ்சம் உதவும். ஆனால் சட்டப்படியே நூறு கிராம் கலவையில் 49 கிராம் வரை சிக்கரி இருக்கலாம். பாதி வேர்ப்பொடியைப் போட்டுவிட்டு, அதையே பெயர்க்காரணமாகவும் சொல்லிவிட்டால் கலப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். சரி, அதை விடுங்கள். பறவை சார் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சாலைக் கடைகளில் நீங்கள் குடித்த காபியில் பால் எப்படி இருந்தது? டிகாக்ஷன் எப்போது இறக்கினார்கள்? ஒரு நாளாவது பார்த்தீர்களா? டவராவை மட்டும்தானே பார்த்தீர்கள்?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கடையில் நிறுத்தினோம். பெயர்ப்பலகையில் எங்கள் ஊர்ப் பெயர் ஆள் உயரத்துக்கு. பித்தளை செட்டில்தான் கொடுத்தார்கள், ஐம்பது ரூபாய். கேட்காமலே சர்க்கரை போட்டு, பழைய டிகாக்ஷன் ஊற்றி, பாலில் தண்ணீர் விட்டுக் கொடுத்தார்கள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்துவிட்டார். வண்டியில் ஏறிய பிறகும் விக்கிரவாண்டி வரை பேசவில்லை. அந்தப் பெயர்ப்பலகையைத்தான் நீங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறது என்கிறீர்கள்.

நெடுஞ்சாலைப் பறவை:
ஒரு கடை சரியில்லை என்றால் எல்லாக் கடையும் சரியில்லையா? கும்பகோணத்தில் எனக்குக் கிடைத்ததும் சரியில்லைதான். நான் அதற்காக ஊரைத் திட்டவில்லை. பித்தளை இல்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

காவிரிக்கரை:
"ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள்" என்று எழுதினீர்கள். மேலே அப்படியே இருக்கிறது. அது ஊரைத் திட்டுவது இல்லாமல் என்ன?

பித்தளையை மறந்த ஊரா நாங்கள்? பக்கத்திலேயே நாச்சியார்கோயில். அங்கே வார்க்கிற குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கக் கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் இன்றும் உண்டு. பித்தளையின் அருமையை எங்களுக்கு நெடுஞ்சாலையில் நின்று சொல்லித்தர வேண்டாம்.

பழம்பாத்திரம்:
விளக்கு வார்க்கிற ஊரில் டவரா அடித்திருக்கமாட்டார்களா? உங்கள் வாதம் பறவைக்குத்தான் பலம் சேர்க்கிறது.

காவிரிக்கரை:
விளக்கு வார்ப்பது. டவரா தகட்டில் அடிப்பது. இரண்டும் வேறு வேலை, வேறு கை. பாத்திரம் சேர்ப்பவருக்கு இது தெரியாதா?

தஞ்சாவூர்க்காரி:
பயணப்பை, இவர்கள் சண்டை முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இருந்தால் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டது. காரம் குறைவு, பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பலகாரம், கும்பகோணத்திலும் கிடைக்கும்.

காவிரிக்கரை:
"கும்பகோணத்திலும்" கிடைக்குமா? கடப்பா கும்பகோணத்துடையது. இதை உங்களிடம் போன வருடமே சொன்னேன். அன்றைக்கும் பதில் சொல்லாமல் போய்விட்டு, இப்போது மறுபடி தஞ்சாவூர் என்கிறீர்கள்.

தஞ்சாவூர்க்காரி:
போன வருடம் நான் பதில் சொல்லாதது என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்ததால். என் பாட்டி தஞ்சை மேலவீதியில் கடப்பா செய்து போட்டுத்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தாள். நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற இரண்டு ஊர். ஒரு குழம்புக்குக்கூடப் பங்கு தரமாட்டேன் என்றால் என்ன மனசு?

காவிரிக்கரை:
மாமியார் விஷயம் தெரியாது, மன்னிக்கவும். கடப்பா விஷயத்தில் மாற்றம் இல்லை.

பயணப்பை:
எல்லோருக்கும் நன்றி. கடப்பா, மங்களாம்பிகா, வெங்கட்ரமணா குறித்துக்கொண்டேன். ஆறு மணிக்குத் திறக்கிற கடை பற்றி யாராவது சொல்ல முடியுமா? நாளை விடிகாலை கிளம்புகிறோம்.

நெடுஞ்சாலைப் பறவை:
வழியில் மதுராந்தகம் பக்கம் நிறுத்துங்கள். பித்தளை டவரா என்றால் என்ன என்று அம்மாவே சொல்வார்.

காவிரிக்கரை:
பயணப்பை, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்தினால் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். டவராவில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் மஞ்சள் முலாம்.

பால்காரர் மகன்:
ஆறு மணிக்கு டிபன் என்றால் தங்குகிற இடத்தில் முதல் நாள் இரவே கேட்டு வைப்பது நல்லது. திருநள்ளாறு வழியில் மயிலாடுதுறையிலும் சாப்பிடலாம், ஏழு மணிக்குள் போய்விடுவீர்கள். அப்புறம், பெரியவர்களுக்குச் சாப்பாடானதும் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை வாங்கிக் கொடுங்கள். 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை.

காவிரிக்கரை:
வெற்றிலைக்கு நன்றி. மாட்டை விட்டுவிட்டு ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னீர்கள்.

பால்காரர் மகன்:
வெற்றிலை எங்கள் பக்கத்துக் கொடிக்காலிலும் விளைகிறது. ஊரைப் புகழ்வதற்காக நான் எழுதவில்லை.

நெடுஞ்சாலைப் பறவை:
இன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து திரும்பும் வழியில் வழக்கமான கடையில் நிறுத்தினேன். மகனின் விளையாட்டுப் பெட்டியிலிருந்த காந்தத்தை எடுத்துப் போயிருந்தேன். டம்ளரில் வைத்தேன், டவராவில் வைத்தேன். இரண்டிலும் ஒட்டவில்லை. பித்தளைதான். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

காவிரிக்கரை:
எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாத வகைதான் வீட்டுப் பாத்திரத்துக்கு அதிகம் வரும். ஒட்டினால் இரும்பு என்றுதான் சொன்னேன், ஒட்டாவிட்டால் பித்தளை என்று நான் எங்கே சொன்னேன்? உள்ளே எவர்சில்வர், வெளியே பித்தளை வைத்தும் விற்கிறார்கள். விளிம்பைச் சுரண்டிப் பார்த்தீர்களா?

பாலைப் பற்றி இன்னும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நெடுஞ்சாலைப் பறவை:
கடைக்காரர் டவராவைச் சுரண்ட என்னால் முடியாது. பித்தளை என்று அவர் சொன்னார், நான் நம்புகிறேன்.

பழம்பாத்திரம்:
விளிம்பைத் தட்டிப் பாருங்கள் பறவை. நல்ல பித்தளை என்றால் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். சுரண்ட வேண்டியதில்லை.

காவிரிக்கரை:
மணி மாதிரி ஒலிப்பது வெண்கலம். அக்கா, இப்போது அதையும் கலக்காதீர்கள்.