ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் கிடைத்த ஆணி, ஈயக் குண்டு, துருக்கட்டி: பழைய கப்பலுடையதா?

சசெக்ஸ்வாசி:
வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸுக்கும் பெக்ஸ்ஹில்லுக்கும் நடுவில் இருக்கிறேன். போன வாரப் புயல் கரை மணலை நிறைய அரித்துக்கொண்டு போய்விட்டது. கடல் உள்வாங்கிய நேரம் மெட்டல் டிடெக்டரோடு இறங்கியதில் மூன்று பொருள்கள் கிடைத்தன. பச்சைக் களிம்பேறிய ஓர் ஆணி. சாம்பல் நிறத்தில், அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன உருண்டை. அப்புறம் கைமுட்டி அளவு துருக்கட்டி. கூழாங்கல்லும் சிப்பியும் ஒட்டி இறுகியிருக்கிறது, காந்தம் ஓரிடத்தில் மட்டும் லேசாகப் பிடிக்கிறது.

1749 ஜனவரியில் புல்வர்ஹைத் கரையில் தரை தட்டிய டச்சுக் கப்பல் ஆம்ஸ்டர்டாமின் மரங்கள், கடல் நன்றாக வற்றும்போது இங்கே தெரியும். நான் தோண்டியது அங்கிருந்து ஒரு மைல் தள்ளி. இவை அந்தக் கப்பலுடையதாக இருக்குமா? ஆணியைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார் அம்மா. தேய்க்கலாமா?

தூண்டில்காரன்:
உருண்டை தூண்டில் ஈயமாக இருக்கும். இந்தக் கரையில் மீன் பிடிக்க வருகிறவர்கள் தொலைத்தது கொஞ்சநஞ்சமில்லை. ஓட்டையோ, கம்பி வளையம் இருந்த தடமோ இருக்கிறதா பாருங்கள்.

சசெக்ஸ்வாசி:
ஓட்டை இல்லை. குறுக்களவு 17 மி.மீ., சமையல் தராசில் 29 கிராம். சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. ஆணி 38 மி.மீ.; தலை தட்டை வட்டம், தண்டு சதுரமாக நுனிக்கு மெலிகிறது. காந்தம் அதில் ஒட்டவே இல்லை.

பழங்கலம்:
முதலில் புளி. தொடவே தொடாதீர்கள். எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். அந்தப் பச்சைப் படலத்தில்தான் வார்ப்புத் தடமும் முத்திரையும் இருக்கும். புளியின் அமிலம் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். அம்மா குத்துவிளக்குக்கு வைத்துக்கொள்ளட்டும்.

17 மி.மீ. உருண்டை சுத்த ஈயமென்றால் கணக்குப்படி 29 கிராம்தான் வரும். அளவும் எடையும் 18ஆம் நூற்றாண்டு மஸ்கெட் துப்பாக்கிக் குண்டுக்குப் பொருந்துகின்றன. நீங்கள் சொல்லும் கோடு இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம். ஆனால் குண்டை மட்டும் வைத்துக் கப்பல் பெயர் சொல்ல முடியாது. கரையில் பயிற்சி எடுத்த படைவீரர்களும் சுட்டிருப்பார்கள்.

ஆணிதான் சுவாரசியம். கப்பலின் அடிப்பகுதியில் செப்புத் தகடு அடிக்கப் பயன்பட்ட ஆணி மாதிரி இருக்கிறது. மரத்தைக் குடையும் கடற்புழுவைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. பிரிட்டிஷ் கடற்படை 1761ல் ‘அலார்ம்’ கப்பலில் அதைச் சோதித்துப் பார்த்தது. பரவலானது 1780 வாக்கில். ஆம்ஸ்டர்டாம் அதற்கு முந்தியது. அந்தக் காலத்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்குப் பலகை மேல் நெருக்க நெருக்க இரும்பாணிதான் அடிப்பார்கள். ஆகவே உங்கள் ஆணி வேறொரு கப்பல், அதுவும் பிந்தியது. கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் இந்த ஆங்கிலக் கால்வாயில் உடைந்த கப்பல்களுக்கா பஞ்சம்?

கரையோரம்:
சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கப்பலிலிருந்து வந்ததாகத் தோன்றும் எதையும் 28 நாளுக்குள் ‘ரிசீவர் ஆஃப் ரெக்’ என்ற, கப்பலுடைவுப் பொருள்களைக் கவனிக்கும் அரசு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஆணி சின்னது என்பதெல்லாம் கணக்கில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டால் 2,500 பவுண்ட் வரை அபராதம். பொருளை மீட்டதற்கான பணம் கேட்கும் உரிமையும் போய்விடும். உரிமையாளர் ஓராண்டுக்குள் வராவிட்டால், பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கே பொருளைக் கொடுத்துவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாம் பாதுகாக்கப்பட்ட இடம். உரிமம் இல்லாமல் அதன் எல்லைக்குள் டிடெக்டரை எடுத்துப் போகாதீர்கள்.

சசெக்ஸ்வாசி:
நன்றி. படிவம் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். துருக்கட்டியைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாமா? இப்போது காயவைத்திருக்கிறேன்.

பழங்கலம்:
காயவைக்க வேண்டாம், உடனே தண்ணீரில் போடுங்கள். இரும்புக்குள் ஊறிய உப்பு காய்ந்தால் படிகமாகி, கட்டி ஏடு ஏடாக உரிந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். குழாய்த் தண்ணீர், அவ்வப்போது மாற்றுங்கள். ஆணியை அதே டப்பாவில் போடக்கூடாது.

சுத்தியல் வேண்டவே வேண்டாம். காந்தம் ஓரிடத்தில் மட்டும் பிடிக்கிறது என்றால் உள்ளே இரும்பு முக்கால்வாசி கரைந்து, அதன் வடிவத்தில் வெற்றிடம் மட்டும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பொந்தில் ரெசின் (ஊற்றியதும் இறுகும் பிசின்) ஊற்றினால் பொருளின் அச்சு அப்படியே கிடைக்கும். தட்டினால் அதுவும் போச்சு. ஹேஸ்டிங்ஸில் கப்பலுடைவு அருங்காட்சியகம் இருக்கிறதே, டப்பாவோடு அங்கே போய்க் காட்டுங்கள்.

கரையோரம்:
இன்னொன்று. உருளை வடிவில், ஒரு பக்கம் கூராக, துருப்பிடித்த ஏதாவது கிடைத்தால் கையில் எடுக்காதீர்கள். அந்தக் கரைகளில் போர்க்கால வெடிகுண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. விலகி நின்று 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேளுங்கள்.

சசெக்ஸ்வாசி:
கட்டி இப்போது ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீருக்குள் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் படம் போடுகிறேன்.